19-ஆவது நாள் பெயில், 28-ஆவது நாள்தான் தம்பி ஊட்டுக்கு வந்தான்

தேர்தல் முடிஞ்ச ரெண்டாவது வாரம் எங்கூர் மூணு ரோட்டுல பிளக்ஸ் கிழிச்ச தகராறுங்க, ரெண்டு கட்சிக்காரங்களும் கட்டையெடுத்து அடிச்சுக்கிட்டாங்க, எதிர்ப்பக்கம் ஒருத்தருக்கு மண்டையில 11 தையல். என் தம்பி அங்க இருந்தானான்னு கேட்டா இருந்தான், கழுத்துல கட்சித் துண்டோட இருந்தான், அதை நான் மறைக்கல. கை நீட்டலீங்கறான், நான் நம்பறேன், ஆனா அதைக் கோர்ட்டுதான் சொல்லோணும். நான் சொல்ல வந்தது வேற, பெயில் ஆர்டர் கையில வந்த பொறகும் 9 நாள் உள்ள கெடந்தானே, அந்த 9 நாளைப் பத்தி.

எஃப்ஐஆர்ல பத்து பேர் பேரு, அதுக்கப்புறம் "மற்றும் சிலர்"னு ஒரு வார்த்தை. அந்த மற்றும் சிலர்ல ஏ14, அதாவது பதினாலாவதா குத்தம் சாட்டப்பட்டவன், என் தம்பி. ஐபிசிக்குப் பதிலா வந்த புதுத் தண்டனைச் சட்டம் பிஎன்எஸ், அதுல 191, 118, 109னு வரிசையா போட்டிருந்தாங்க, 109ங்கறது பழைய 307, கொலை முயற்சி. அடிக்காதவனுக்கு எப்படிங்க அதுன்னு கேட்டப்ப, அப்புறமா எங்களுக்கு வந்த வக்கீலம்மாதான் 190-ஐப் படிச்சுக் காட்டுனாங்க, ஒரே நோக்கத்தோட கூடுன கூட்டத்துல ஒருத்தன் செஞ்சா கூட்டத்துல இருந்த அத்தனை பேரும் பொறுப்பாம், பழைய 149. எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது கூட்டத்துல நிக்கறதுன்னா என்னான்னு.

கட்சி வக்கீல் மொத நாலு பேருக்கு மட்டும் வந்தாரு. எல்லாரும் பொறுப்புல இருக்கறவங்க. மத்தவங்களுக்குப் பாக்கறோம் பாக்கறோம்னாங்க, ஒரு வாரத்துல போனே எடுக்கல. அப்புறம் பக்கத்து ஊட்டு அக்கா சொல்லித்தான் 15100க்குப் போன் பண்ணேன். ஜெயில்ல இருக்கறவனுக்கு வருமானம் எதுவும் பாக்காம இலவச வக்கீல் உண்டுங்க, 1987-ஆம் வருஷத்துச் சட்டத்துலயே இருக்குது, கோர்ட்டு வளாகத்துலயே சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும், நேராப் போயிக் கேட்டா போதும். எங்களுக்கு வந்தது சின்ன வயசு வக்கீலம்மா. மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுல பெயில் டிஸ்மிஸ் ஆகும், ஆயுள் தண்டனை வரைக்கும் போற பிரிவு இருக்குது, செஷன்ஸ்லதான் கெடைக்கும்னு மொத நாளே சொல்லிட்டாங்க, சொன்ன மாதிரியே ஆச்சு.

செஷன்ஸ்ல ரெண்டு வாய்தாவும் ஒரே கேள்விதான், காயம்பட்டவர் டிஸ்சார்ஜ் ஆயிட்டாரா. இன்னும் ஆஸ்பத்திரியிலதான் இருக்கறார்னு பிபி, அதாவது அரசு வக்கீல், எந்திரிச்சு ஆட்சேபணை சொல்லுவாரு. அந்தக் கேள்வி கேக்கறது நாயம்தானுங்க. தெனமும் விளக்குப் போடறப்ப அவருக்குந்தான் வேண்டிக்கிட்டேன், தம்பிக்காக மட்டுமில்ல, அவரு ஊட்லயும் பொடுசுக ரெண்டு இருக்குது.

கைதான 19-ஆவது நாள், வெள்ளிக்கெழம, பெயில். பத்தாயிரத்துக்கு ரெண்டு ஜாமீன்தாரர், அதுல ஒருத்தர் ரத்த சொந்தமா இருக்கோணும், தெனமும் காலைல 10.30க்கு ஸ்டேஷன்ல கையெழுத்து. பொழுதோட வந்துருவான்னு அம்மா அரிசியும்பருப்பு ஆக்கி வெச்சுட்டு உக்காந்திருந்தாங்க.

சனி ஞாயிறு லீவு. திங்கக்கெழமதான் ஆர்டர் காப்பி வந்துச்சு. ரத்த சொந்தத்துக்கு அம்மா, ஊட்டு வரி ரசீது அவங்க பேர்ல. இன்னொரு ஆளு? ஊருக்குள்ள ஏழு ஊடு ஏறி எறங்குனேனுங்க. கல்யாணத்துக்கு மொத ஆளா வர்ற பங்காளிக கூட, அம்மணி இது அரசியல் கேஸு, நாளைக்கு எங்களையும் ஸ்டேஷனுக்குக் கூப்புடுவாங்கன்னுட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன், பயம். கோர்ட்டு வாசல் டீக்கடையில ஒருத்தர் மூவாயிரம் குடுங்க நான் நிக்கறேன்னாரு, வக்கீலம்மா அந்தப் பக்கமே போகாதீங்கன்னு கத்துனாங்க, காசுக்கு நிக்கற ஜாமீன் மாட்டுனா பெயிலே போயிரும்.

கடைசில கரூர்லருந்து பெரியப்பா வந்தாரு, ஆதார், ரேஷன் கார்டு, வரி ரசீது எல்லாத்தோடயும். கோர்ட்டு ஊழியர் ஒருத்தர் பாத்துட்டு, வெளி மாவட்டம் செல்லாது போங்கன்னாரு. 70 வயசு மனுசன், விடியக்காத்தால பஸ்ஸேறி வந்தவரு, பைலை மடியில வெச்சுட்டு மரத்தடியில உக்காந்துட்டாரு. அடுத்த நாள் வக்கீலம்மா ஒரு மெமோ போட்டாங்க. 1978ல மோதிராம்னு ஒரு கொத்தனார் கேஸாம், மத்தியப் பிரதேசம், அவருக்கும் இதே பத்தாயிரம், அண்ணன் தம்பி சொத்து வேற மாவட்டத்துல இருக்குதுன்னு ஜாமீனை ஏத்துக்கலையாம், உச்ச நீதிமன்றத்துல கிருஷ்ணய்யர் அது தப்புன்னு சொல்லி ஆயிரம் ரூபா சொந்தப் பிணையில விடச் சொன்னாராம். 2023 ஜனவரிலயும் உள்ளூர் ஜாமீன் கேக்க வேண்டாம்னு உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்குது, பெயில் கெடச்சு 7 நாள்ல வெளிய வரலீன்னா ஜெயில் சூப்பிரண்டே சட்டப்பணிகளுக்குத் தகவல் சொல்லோணும்னும் இருக்குது. மாஜிஸ்ட்ரேட் படிச்சுப் பாத்துட்டு பெரியப்பாவை ஏத்துக்கிட்டாரு. 45 வருஷத்துக்கு மேல ஆன தீர்ப்பு, இன்னும் மெமோ போட்டு ஞாபகப்படுத்த வேண்டியிருக்குது.

ஜாமீன் பத்திரத்துல இடது கட்டைவெரல் ரேகை வெக்கச் சொன்னாங்க. அம்மா மஞ்ச மண்டியில வேலை, இருபது வருஷமா கெழங்கு பொறுக்கிப் பொறுக்கி வெரல் முச்சூடும் மஞ்சளேறி, ரேகை தேஞ்சு போயிருக்கும். மை தடவி வெச்சா வெறும் நீலத் திட்டுதான் விழுந்துச்சு. ரெண்டாவது தடவையும் அப்படித்தான். ஏனுஞ்சாமி, என்ற வெரலு செரியில்லைன்னு பையனை உட மாட்டீங்களான்னு அம்மா கேட்டாங்க பாருங்க, அங்க இருந்த டைப்பிஸ்ட் அக்கா எந்திரிச்சு வந்து ஈரத்துணியில தொடைச்சு, அவங்க கையால வெரலைப் புடிச்சு மெதுவா உருட்டி வெச்சாங்க. மூணு கோடு தெரிஞ்சுது. போதும்னுட்டாங்க.

28-ஆவது நாள் பொழுதோட காந்திபுரத்துல கோவை ஜெயில் வாசல். வஉசி செக்கிழுத்த ஜெயில்னு பள்ளிக்கூடத்துல படிச்சது, அந்தச் சுவரு முன்னாடி நிப்பேன்னு நெனச்சதேயில்ல. இளைச்சிருந்தான். அக்கா பசிக்குதுன்னான், வேற எதுவும் சொல்லல.

மாமா ஒருத்தரு, பெயிலை இப்படி எளிசாக்குனா கட்சிக்காரன் அடிச்சுப்போட்டு அடுத்த நாளே மாலை போட்டுட்டு வருவான்னு சண்டைக்கு வந்தாரு. அவரு கோவத்துலயும் நாயம் இருக்குதுங்க. 2000த்துல தர்மபுரியில கட்சிக்காரங்க பஸ்ஸை எரிச்சு கோவை வேளாண் பல்கலைக்கழகத்துப் புள்ளைக மூணு பேர் செத்ததை இந்தப் பக்கம் யாரும் மறக்கல. ஆனா தீர்ப்பு எப்ப வந்துச்சு, 2007ல. குத்தவாளிகளை 2018ல விட்டுட்டாங்க. அந்தப் பெத்தவங்களுக்கு வேணுங்கறது சீக்கிரமான விசாரணை, கையில ரசீது இல்லாதவனை விசாரணைக்கு முன்னயே அடைச்சு வெக்கறது இல்ல. எங்க கேஸ்லயே மண்டையை ஒடச்சது யாருன்னு ஊருக்கே தெரியும், வசதியும் கட்சி வக்கீலும் இருந்ததால அவரு ஆர்டர் வந்த மூணாவது நாளே வெளிய வந்துட்டாரு. உச்ச நீதிமன்றம் 2022லயே பெயிலுக்குன்னு தனிச் சட்டம் கொண்டு வர்றதை யோசிங்கன்னு மத்திய அரசுக்குச் சொல்லுச்சு, 2024 ஜூலையில சிஆர்பிசிங்கற குற்றவியல் நடைமுறைச் சட்டம் போயி புதுச் சட்டம் வந்தப்பவும் ஜாமீன்தாரர் முறை அப்படியேதான் இருக்குது.

இப்ப தெனமும் 10.30க்குக் கையெழுத்து, அதனால பகல் ஷிப்ட் போச்சு, கம்பெனியில நைட் மட்டும் குடுத்திருக்காங்க. ஸ்டேஷனுக்குப் போற வழியிலதான் தையல் போட்டவரு ஊடு. நேத்து திண்ணையில உக்காந்திருந்தாராம், தம்பி சைக்கிளை விட்டு எறங்கி உருட்டிட்டே போனானாம். கண்டிஷன் தளர்த்த மனுப் போட்ட அனுபவம் யாருக்காச்சும் இருந்தா எத்தனை நாள் கழிச்சுப் போட்டீங்கன்னு சொல்லுங்க, புண்ணியமாப் போகும்.