சுற்றாத காதுதான் நோயாளி

வலது காதின் வெஸ்டிபுலர் நரம்பில் (உடல் சமநிலை பற்றிய தகவலை உள்காதிலிருந்து மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பு) அழற்சி என்று டாக்டர் சொன்னபோது தலைச்சுற்றலும் வாந்தியும் ஓரளவு அடங்கியிருந்தன. நடந்தால் மட்டும் வலப்பக்கம் தள்ளியது. பக்கத்தை உறுதிசெய்து, எவ்வளவு பாதிப்பு என்று அளக்கப் பரிசோதனைகள் எழுதினார். தலைச்சுற்றல் மாத்திரைகளை இரண்டு நாள் முன்பே நிறுத்தச் சொன்னார்கள். அவை காதின் எதிர்வினையை அமுக்கிவிடுமாம். (நீங்களாக நிறுத்தாதீர்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.)

முதலில் தலையசைப்புப் பரிசோதனை. கேமரா பொருத்திய இறுக்கமான கண்ணாடியை மாட்டி, சுவரில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொன்னார் ஆடியாலஜிஸ்ட் (காதுப் பரிசோதனை நிபுணர்). பின்னால் நின்று தலையைப் பிடித்து, எந்தப் பக்கம் என்று சொல்லாமல் வெடுக்கென்று லேசாகத் திருப்புவார். "கழுத்தைத் தளர்த்துங்க சார்" என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கு இன்னும் விறைத்தது. இடப்பக்கம் திருப்பியபோது கண் புள்ளியிலேயே நின்றது. வலப்பக்கம் திருப்பினால் கண்ணும் தலையோடு போய், அப்புறம் துள்ளித் திரும்பியது. எனக்கு அது தெரியவே இல்லை, திரையில் காட்டியபோதுதான் புரிந்தது.

அடுத்தது எல்லோரும் பயமுறுத்திய கலோரிக் பரிசோதனை. தலையை 30 டிகிரி உயர்த்திப் படுக்கவைத்து, கண்ணை மூடாமல் இருட்டாக்கி, காதில் 30 டிகிரி நீரும் 44 டிகிரி நீரும் மாற்றி மாற்றி விடுவார்கள். உடல் வெப்பத்தைவிட 7 டிகிரி குறைவு, 7 டிகிரி கூடுதல். அந்த வித்தியாசத்தில் உள்காதுத் திரவம் நகர, கண் தானாக ஆடும். வியன்னாவில் காது கழுவும்போது இதைக் கவனித்து ஆராய்ந்த ராபர்ட் பாரனிக்கு 1914ஆம் ஆண்டு நோபல் கிடைத்தது. பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி!

இடது காதில் நீர் விட்டதும் கட்டிலோடு சுழன்றேன். நடுவில் ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொல்லச் சொன்னார்கள். மனம் சும்மா இருந்தால் கண்ணாட்டம் குறைந்துவிடுமாம். திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் வரை வந்து நின்றுவிட்டேன். ஓரிரு நிமிடங்களில் தானாக அடங்கியது. வலது காதில் நீர் விட்டபோது சலசலப்புதான் கேட்டது, சுற்றவே இல்லை. அதுதான் கோளாறு.

கழுத்தில் பட்டை ஒட்டி 'டொக் டொக்' சத்தம் கேட்கவைத்த சோதனை, அந்த நரம்பின் கீழ்க்கிளையைப் பார்ப்பது, இயல்பாக வந்தது. நரம்பின் கீழ்க்கிளை தப்பித்தது, மேல்கிளைக்குத்தான் அடி என்றார் டாக்டர். இந்த நோயில் பெரும்பாலும் அப்படித்தானாம்.

மாத்திரையைத் தொடர வேண்டாம், கட்டைவிரலைப் பார்த்தபடி தலையைத் திருப்பும் பயிற்சியைத் தொடங்குங்கள் என்றார். பரிசோதனைக்குப் போகிறவர்கள் துணைக்கு ஆள் கூட்டிப் போங்கள். திரும்பும்போது வண்டி ஓட்டும் நிலையில் இருக்கமாட்டீர்கள்.