திறக்காத ஏழு பாட்டில்கள்

டயட்டீஷியனாக வேலைக்குச் சேர்ந்த புதிதில், நோயாளி சரியாகச் சாப்பிடவில்லை என்று தெரிந்தால் கேஸ் ஷீட்டில் "ஊட்டச்சத்து பானம் 200 மிலி, தினம் இரண்டு வேளை" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவேன். கணக்கு சரியாகவே வரும். புரதம் கூடுதலாக உள்ள வகையில் ஒரு பாட்டிலுக்கு 300 கலோரி, 20 கிராம் புரதம். உடல் தேறாத முதியவர்களுக்கு இந்தப் பானங்களிலிருந்து மட்டும் நாளுக்குக் குறைந்தது 400 கலோரியும் 30 கிராம் புரதமும் போக வேண்டும், அதுவும் ஒரு மாதமாவது தொடர வேண்டும் என்பது ஐரோப்பிய ஊட்டச்சத்து மருத்துவ சங்கத்தின் வழிகாட்டுதல். நான் எழுதியது அதைவிடக் கூடுதல்தான்.

நுரையீரல் தொற்றோடு வந்த ஒரு பெரியவர்தான் என் கணக்கைக் கலைத்தவர். மூன்று மாதத்தில் 62 கிலோவிலிருந்து 55 கிலோவுக்கு இறங்கியிருந்தார். ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தாலே கவலைப்பட வேண்டும். இவருக்கு 11 சதவீதம். கால் வீக்கத்து நீரையும் கழித்தால் உண்மையான இழப்பு இன்னும் அதிகம். ஈறு சுருங்கிப் பல்செட் லொடலொடவென்று ஆட, மெல்லவே முடியாமல் சாப்பாட்டை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் அவருடைய மாத்திரை டப்பாவை நகர்த்தினேன். பின்னால் ஏழு பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒன்றுகூடத் திறக்கவில்லை.

"ஏன் ஐயா குடிக்கலை? பிடிக்கலையா?"

அவர் ஒரு பாட்டிலை எடுத்து மூடியைத் திருகிக் காட்டினார். விரல்கள் நடுங்கின, மூடி அசையவில்லை. "திறக்க வரலம்மா. நர்ஸ் பொண்ணுங்க ஓடிக்கிட்டே இருக்குதுங்க. இதுக்குப் போய் எப்படிக் கூப்பிடறது?"

அந்த மேசைமேல் 2100 கலோரி இருந்தது. கேஸ் ஷீட்டின்படி அதெல்லாம் அவர் உடம்புக்குள் போயாகிவிட்டது. அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் இன்றும் நினைவிருக்கிறது. நோயாளியின் எடையைக் குறிப்பதில்லை, என்ன சாப்பிட்டார் என்று யாரும் பார்ப்பதில்லை, பொறுப்பு பலர் கையில் சிதறிப் போகிறது என்று சார்லஸ் பட்டர்வொர்த் என்ற அமெரிக்க மருத்துவர் 1974-லேயே எழுதியிருந்தார். படித்திருந்தேன். அந்த வரிசையில் நானும் நிற்கிறேன் என்று அன்றுதான் உறைத்தது.

அப்புறம் முறையை மாற்றினோம். ஒரு மிலிக்கு 2 கலோரி உள்ள அடர்த்தியான பானத்தை 60 மிலி மட்டும், நாளுக்கு நான்கு முறை, மாத்திரை கொடுக்கும் சிஸ்டரே ஊற்றிக் கையில் கொடுப்பார். மொத்தம் 480 கலோரி. அளவு சிறியது என்பதால் மலைப்பு இல்லை. மாத்திரையோடு வருவதால் மறந்துபோகவும் வழியில்லை. சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் கொடுத்தால் வயிறு நிறைந்து இருக்கிற கொஞ்சப் பசியும் போய்விடும், அதனால் நேரத்தைத் தள்ளி வைத்தோம். குளிரவைத்துக் கொடுத்தால் இவருக்குச் சுலபமாக இறங்கியது.

எல்லோருக்கும் இப்படி உடனே கொடுத்துவிட முடியாது. பத்து நாளுக்கு மேல் ஏறக்குறைய பட்டினியாகவே கிடந்தவருக்கு திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். முதலில் தயமின் என்ற வைட்டமின் பி1, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 கலோரி அளவில் தொடக்கம், தினமும் ரத்தப் பரிசோதனை. இந்த ஒரு விஷயத்தில் அவசரப்படுகிறவர்களோடு நான் சண்டையே போடுவேன்.

2019-இல் லேன்செட் மருத்துவ இதழில் வந்த சுவிஸ் ஆய்வை அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். எட்டு மருத்துவமனைகள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். வழக்கமான சாப்பாடு பெற்றவர்களில் 30 நாளுக்குள் நூற்றுக்குப் பத்துப் பேர் இறந்தார்கள். தனி ஊட்டச்சத்து கவனிப்பு பெற்றவர்களில் ஏழு பேர். முன்பெல்லாம் அந்த எண்கள்தான் கண்ணில் படும். இப்போது அவர்கள் செய்த வேலை படுகிறது: ஒவ்வொருவருக்கும் தனி இலக்கு வைத்து, அது எட்டப்படுகிறதா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்திருக்கிறார்கள்.

பெரியவர் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் கழித்து மகளோடு வந்தார். 56.5 கிலோ. கால் வீக்கம் வடிந்த பிறகு வந்த எடை அது. மகள் ஒரு நோட்டை நீட்டினார். தினமும் குடித்த அளவு: 60, 60, 40, 60. நடுவில் ஒரு நாள் முழுக்கப் பூஜ்யம். பக்கத்தில் சின்ன எழுத்தில் "வாந்தி" என்று இருந்தது. நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த நாளைப் பற்றித்தான் முதலில் கேட்டேன்.