மூன்றாவது விதைப்பில்தான் பட்டர் பீன்ஸ் முளைத்தது

கோத்தகிரியில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் பட்டர் பீன்ஸ் காய்ப்பதற்குள் இரண்டு முறை விதைகளைப் பறிகொடுத்தேன். உறைபனி விட்டுவிட்டது என்ற நம்பிக்கையில் மார்ச் முதல் வாரத்தில், கடையில் வாங்கிய 40 விதைகளை இரவு முழுவதும் குழாய்த் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் பாத்தியில் ஊன்றினேன். பன்னிரண்டு நாள் கழித்துத் தோண்டிப் பார்த்தபோது தோல் வெடித்து, பருப்பு கூழாகி, விரல் பட்டதுமே நசுங்கியது. விதையில் குறையில்லை, தண்ணீரை அதிகம் விட்டிருப்பீர்கள் என்று கடைக்காரர் பேச்சை முடித்துக்கொண்டார். அவரை நம்பாமல் மேட்டுப்பாளையம் வரை மலையிறங்கி வேறு விதை வாங்கிவந்து, அதே முறையில் ஊன்றினேன், மூன்றே முளைத்தன. ஒரு நாள் அலைச்சலும் பேருந்துச் செலவும் வீணாயின.

பக்கத்து வீட்டுப் பாட்டிதான் காரணத்தைச் சொன்னார்: "ஐஸ் மாதிரி இருக்கிற தண்ணியில போட்டா வெத செத்துப்போகும் கண்ணு, மொதல்ல அதுக்குச் சூடு காட்டு." உண்மையும் அதுவே. காய்ந்த விதை முதன்முதலாக நீரை உறிஞ்சும் சில மணி நேரத்தில் குளிர் தாக்கினால் உள்ளே திசுக்கள் சிதைந்துவிடுகின்றன. பிறகு எவ்வளவு வெயில் அடித்தாலும் பயனில்லை. மண்ணின் வெப்பம் 18 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும். இரண்டு அங்குல ஆழத்தில் வெப்பமானியைச் செருகிப் பார்த்தால், என் பாத்தியில் காலையில் 14தான் இருந்தது.

ஆகவே ஏப்ரலில் விதைகளை ஊறவைக்காமல், வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி அடுப்பு மேடையின் ஓரத்தில் வைத்தேன். ஐந்தாம் நாள் வெள்ளை வேர் எட்டிப் பார்த்தபோது அடைந்த மகிழ்ச்சியை இப்போதும் மறக்க முடியவில்லை. வேரை அசைத்தால் செடி வாடிவிடும் என்பதால், செய்தித்தாளைச் சுருட்டிச் செய்த குவளைகளில் நட்டு, மே மாதத் தொடக்கத்தில் குவளையோடே பாத்தியில் இறக்கினேன். அதற்குப் பத்து நாள் முன்பே மேட்டுப்பாத்தி அமைத்து, கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி மண்ணைச் சூடேற்றியிருந்தேன். நேரடியாக ஊன்றுவோர் மேல்மண் இறுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்: பருத்த விதையிலைகள் மண்ணைப் பிளந்து மேலே வர வேண்டியிருப்பதால், மண் இறுகினால் முளையின் கழுத்து முறிந்துவிடும்.

மூங்கில் குச்சியில் கொடி ஏறியது. ஆனால் ஆசையில் கோழி எருவை அள்ளிப் போட்ட ஒரு வரிசை மட்டும் இலையாகத் தழைத்ததே தவிர, ஆகஸ்ட் வரை பூக்கவில்லை. மற்ற வரிசைகளில் ஜூலை சாரலில் பாதிப் பூ உதிர்ந்தும், செப்டம்பரில் ஒரு கூடை காய் பறித்தோம். உரித்தபோது ஒன்றரைக் கிலோ பருப்பு தேறியது. இதைப் பச்சையாகத் தின்னக் கூடாது, குழந்தைகளிடம் சொல்லிவையுங்கள். நன்றாக வேகவைத்தே சாப்பிட வேண்டும்.

விதைக்கு விட்ட காய்கள் கொடியிலேயே காயட்டும் என்று காத்திருந்தால் ஐப்பசி மழையில் பூசணம் பிடித்திருக்கும். மஞ்சளானதுமே பறித்து, அடுப்பு மேடைக்கு மேலே சரம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.