புலிமுனைப் பாறையும் பெரியப்பாவின் தீவும்

போன ஞாயிற்றுக்கிழமை, கடல்நீர் இறங்கும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு, பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு விடியற்காலையிலேயே சிங்கப்பூரின் செந்தோசா தீவுக்குப் போய்விட்டேன். சிலோசோ கடற்கரையைத் தாண்டி மேற்கு மூலையில் இருக்கிறது தஞ்சோங் ரிமாவ். மலாய் மொழியில் தஞ்சோங் என்றால் முனை, ரிமாவ் என்றால் புலி.

பாறை முழுக்கத் துருச் சிவப்பு. கிட்டப் போனால், கடலை மிட்டாயில் கடலை பதிந்திருக்கிற மாதிரி வெள்ளைக் கூழாங்கற்கள் மணலோடு இறுகிக் கிடக்கின்றன. தடவிப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. கடலோரத்தில் நின்றாலும் இவை பழைய ஆறு ஒன்று உருட்டிக்கொண்டு வந்தவை.

"இதுக்கு எத்தனை வயசுப்பா இருக்கும்?" என்றார் பெரியப்பா.

ஜிர்கான் என்ற பொடிப் படிகம்தான் இதில் கடிகாரம். உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை அநேகமாக விடாது. அப்புறம் யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாக மாறும், யுரேனியம்-238 பாதியாகக் குறையவே சுமார் 447 கோடி ஆண்டுகள் ஆகும், ஆகவே இரண்டும் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால் வயது கிடைத்துவிடும். எரிமலைச் சாம்பல் பாறையில் கிடைப்பது எரிமலை வெடித்த காலம். மணற்கல்லில் அப்படி இல்லை, அதில் கிடைப்பது மணலைத் தந்த தாய்ப்பாறையின் வயது, மணற்கல் அதைவிட இளையது என்று மட்டும்தான் சொல்லலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடமே இதுதான்.

பாறைத் தொகுதிக்கு, அது நன்றாகத் தெரியும் இடத்தின் பெயரை வைப்பது வழக்கம். 1976-ல் வந்த புவியியல் அறிக்கை இந்தப் பக்கத்துப் படிவுப் பாறைகளை, அதாவது மணலும் சேறும் படிந்து இறுகியவற்றை, எல்லாம் ஜூரோங் என்ற ஒரே பெயருக்குள் வைத்தது. 2019-ல் வெளியான ஆய்வு அதை ஜூரோங், செந்தோசா என்று இரண்டு குழுமங்களாகப் பிரித்தது. நாங்கள் நின்ற பாறை, தஞ்சோங் ரிமாவ் தொகுதி. ஜூரோங் குழுமத்தில், டிரையாசிக் காலத்து, அதாவது இருபது கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய, எரிமலைப் பொருள்கள் கலந்த ஒரு தொகுதிக்குப் பெயர் புலாவ் ஆயர் சாவான். புலாவ் என்றால் தீவு.

பெரியப்பா சட்டென்று திரும்பினார். "ஆயர் சாவானா? நான் வேலை பார்த்த இடம்ப்பா அது!"

ஆமாம், அந்தத் தீவு இன்று தனியாக இல்லை. கடலை நிரப்பி, பக்கத்துத் தீவுகளோடு சேர்த்து ஜூரோங் தீவாக்கிவிட்டார்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் என்னால் போய்ப் பார்க்கவும் முடியாது.

"குழாயும் தொட்டியும்தான் பார்த்திருக்கேன். அடியிலே எரிமலைக் கல்லா?" என்று கேட்டுக்கொண்டே, தண்ணீர் காலணியைத் தொடும்வரை அவர் மேற்கே பார்த்தபடி நின்றார்.