வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு விடுமுறை: நிலாவெளி நாட்குறிப்பு

ஜூலை 18, வெள்ளி

வந்து சேர்ந்தாச்சு. ஓட்டோக்காரர் வாசலில் நிறுத்திவிட்டு, "ஆரையும் பாக்க வந்தனீங்களோ?" என்று கேட்டார். தங்க வந்தனாங்கள் என்றேன். அம்மாவின் பையை இன்னொருதரம் பார்த்தார். திருகோணமலை ஆட்கள் நிலாவெளியில் காசு கொடுத்துப் படுக்கிறதை அவர் இதற்கு முதல் கேள்விப்படவில்லைப் போல. எனக்கும் கூச்சம்தான். எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் இருக்கிற அதே கடல்.

எல்லாம் அண்ணாவின் ஏற்பாடு. "வீட்டுக்குள்ள இருந்தா ரெண்டு பேரும் ஃபோனையே பாத்துக்கொண்டு இருப்பியள். போய்க் கடலைப் பாருங்கோ." ரொறன்ரோவிலிருந்து காசைக் கட்டிவிட்டுத்தான் இதைச் சொன்னார். அம்மாவின் றிப்போட்டைப் பற்றிக் கொழும்பு ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமை சொல்வார்களாம்.

கட்டிலில் இரண்டு அன்னம். வெள்ளைத் துவாயில் மடித்து, அலகோடு அலகு முட்ட வைத்து, நடுவில் காகிதப்பூ தூவியிருந்தது. புதுசாகக் கல்யாணம் முடித்த சோடி வருகிறது என்று நினைத்தார்களோ தெரியாது. அம்மா கதிரையில் இருந்து அதைக் கனநேரம் பார்த்தார். "குலைச்சுப் போடாதை தம்பி." இரவு அன்னங்களுக்கு இடம் விட்டு ஒரு கரையில் ஒடுங்கிப் படுத்தார். வீட்டிலிருந்து கொண்டு வந்த பழைய துவாயால்தான் முகம் துடைத்தார்.

ஜூலை 19, சனி

காலைச் சாப்பாட்டைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

அம்மா எடுத்தவுடன் ஒன்றும் போடுவதில்லை. வெறும் தட்டைப் பிடித்தபடி, வெளிவீதி சுற்றுகிற மாதிரி மேசையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு மூடியாகத் திறந்து, குனிந்து மணந்து பார்த்து மூடுகிறார். பால்சோறு, கட்டா சம்பல், பருப்பு, கிழங்குக் கறி, சொசேஜ், வெள்ளைக்காரருக்கென்று தக்காளிச் சாற்றில் கிடக்கிற அவரை விதை. எல்லாம் பார்த்து முடித்து இரண்டு இடியப்பமும் கொஞ்சம் சொதியும் எடுத்துக்கொண்டு வந்து இருக்கிறார். "பாத்ததே சாப்பிட்ட மாதிரித்தான்." அவர் விட்டதையும் சேர்த்து நான் சாப்பிடுகிறேன்.

ஒம்லெட் போடுகிறவர் கிண்ணியா ஆள். அவர்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி "நானா" என்று கூப்பிட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. ஊர்ப்பேச்சுக் கேட்டு எத்தனை நாளோ. அம்மா தயிர்ச் சட்டியைத் தட்டிப் பார்த்து, "இது உங்கட பக்கத்துத் தயிரோ?" என்று விசாரித்தார். எருமைத் தயிர்தான், கரண்டியை நட்டால் நிற்கிறது. மண்சட்டி தண்ணியை இழுத்துக்கொள்வதால்தான் அந்த இறுக்கம், பிளாஸ்டிக்கில் விட்டால் நெகிழ்ந்துவிடும் என்றார் நானா. கித்துள் பாணி விட்டு அம்மா முழுக் கிண்ணமும் முடித்தார். இந்த மாதத்தில் அவர் முழுதாக முடித்த முதல் சாப்பாடு அதுதான்.

ஒரு காகம் இருக்கிறது. சின்ன பட்டர் பக்கெற்றை மேசையிலிருந்து தூக்கிப் போய்க் கூரை விளிம்பில் வைத்து, காலால் அமத்தி, தாளை அலகால் உரித்து நக்குகிறது. பாணைத் தொடுவதில்லை.

அறைக் கதவுக்குப் பக்கத்தில் கார்ட் செருகினால்தான் லைற்றும் ஏசியும் வேலை செய்யும். கார்ட்டை எடுத்துக்கொண்டு வெளியில் போனால் திரும்பி வரும்போது அறை வெக்கை. அம்மா தன் பேர்ஸுக்குள் இருந்த பிள்ளையார் படம் போட்ட பொக்கற் கலண்டரைச் செருகிப் பார்த்தார். எல்லாம் எரிந்தது. இனி எங்கள் அறைக்குப் பிள்ளையார்தான் ஏசி.

ஜூலை 19, இரவு

ஃபோனைச் சார்ஜில் போட்டிருக்கிறேன். சனிக்கிழமை யார் எடுக்கப் போகிறார்கள்? என்றாலும்.

ஜூலை 20, ஞாயிறு

அம்மாவின் பையில் சவர்க்காரம் சேருகிறது. காலையில் ஒன்று வைக்கிறார்கள், அம்மா அதைச் சேலைக்கு இடையில் செருகிவிடுகிறார். பின்னேரம் அறை துப்பரவாக்குகிற பெடியன் வந்து, சவர்க்காரம் இல்லையே என்று இன்னொன்று வைக்கிறான். அதுவும் உள்ளே போகிறது. குளிக்கிறது வீட்டிலிருந்து கொண்டு வந்த வேப்பெண்ணெய்ச் சவர்க்காரத்தில்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் நான் சின்னப் பெடியனாக இருந்த காலத்தில் கடைச் சவர்க்காரமே வாங்கியதில்லை. அப்பா இதே கரையில், 83க்கு முதல், ஒரு ஹோட்டலில் அறை பார்க்கிற வேலை. வெள்ளைக்காரர் ஒருதரம் கை கழுவிவிட்டு விட்டுப்போன சவர்க்காரத்தைக் காற்சட்டைப் பொக்கற்றில் கொண்டு வருவார். ஓரத்தில் எழுத்துக்கூட அழிந்திருக்காது. அம்மா அவற்றை நனைத்து ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய உருண்டையாக்குவார். பச்சை, மஞ்சள், ரோஸ் எல்லாம் வரி வரியாய் ஓடும். பள்ளிக்கூடத்தில் என்மேல் அடித்த வாசத்துக்கு ஒரு பேர் வைக்க முடியாது. ஜாம் போத்தலும் வரும், பெருவிரல் அளவு. அண்ணாவுக்கும் எனக்கும் அதில் நடந்த சண்டையை எழுதினால் இன்றைய பக்கம் காணாது.

அப்பா அந்த ஹோட்டல் கட்டிலில் ஒரு நாளும் இருந்து பார்த்ததில்லையாம். அம்மா இன்று தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னார். "விரிக்கிறதுதான். இருக்க ஏலாது." பிறகு பெட்ஷீற்றின் மூலை மடிப்பை விரலால் தடவிப் பார்த்து, "அவர் இதைவிட வடிவா மடிப்பார்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

ஜூலை 21, திங்கள்

பக்கத்து அறைப் பிரெஞ்சுக்காரர் விடிய முதல் படகில் போய்த் திமிங்கிலம் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். கையை அகல விரித்துக் காட்டுகிறார். இந்தக் கரையில் கடல் கெதியாக ஆழத்துக்குப் போய்விடும், கீழே பெரிய பள்ளத்தாக்கே இருக்கிறது, அதனால்தான் அதுகள் இவ்வளவு கிட்ட வருகின்றன. இதை நான் அவருக்கு என் இங்கிலீஷில் விளக்கப் போய், அவருக்கு விளங்கிய மாதிரித் தலையாட்டினார்.

அம்மாவுக்குத் திமிங்கிலமும் வேண்டாம், புறாத்தீவும் வேண்டாம். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர்தான், படகில் ஏறினால் பத்து நிமிடம், தெளிந்த தண்ணியில் குட்டிச் சுறா ஓடுவதைக் காட்டலாம் என்றேன். "வெள்ளைக்காரன் பீரங்கி சுட்டுப் பழகின இடம்தானே, அதில என்ன பாக்கக் கிடக்கு?" 2003இல் அதைத் தேசியப் பூங்காவாக்கியதெல்லாம் அம்மாவின் கணக்கில் இல்லை.

அவருக்குப் பிடித்தது கால் கழுவுகிற குழாய். மணலிலிருந்து ஏறும் படிக்குப் பக்கத்தில், முழங்காலுக்குக் கீழே ஒரு பைப், அடியில் கூழாங்கல் பரப்பியிருக்கிறது. கூழாங்கல்லில் நின்று, சேலையைக் கொஞ்சம் தூக்கி, ஒரு காலால் மற்றக் காலைத் தேய்த்துத் தேய்த்து நிற்கிறார். மணல் போய்க் கனநேரம் ஆனாலும் இறங்குவதில்லை. பிறகு திரும்ப மணலுக்கு நடக்கிறார், திரும்ப வந்து கழுவுவதற்காக.

மத்தியானத்துக்குப் பிறகு கச்சான் காற்று. சாய்கதிரைகளில் விரித்த துவாய்களைத் தூக்கிக் கடலுக்கு அனுப்புகிறது. பெடியன்கள் ஓடி ஓடிப் பிடிக்கிறார்கள்.

நீச்சல் குளத்தில் காலை வைத்துப் பார்த்தார். குளிர்கிறதாம். உடனே நுவரெலியாக் கதை வந்துவிட்டது. அண்ணா கூட்டிக்கொண்டு போன முறை, பழைய பங்களா ஹோட்டல், இரவில் போர்வைக்குள் கால் நீட்டினால் ஏதோ சூடாக, மெத்தென்று. அம்மா போட்ட சத்தத்தில் அண்ணி செருப்போடு ஓடி வந்தார். பார்த்தால் ரப்பர் பையில் சுடுதண்ணி. விடியும்வரை அதைக் கட்டிப்பிடித்துப் படுத்துவிட்டு, ஊருக்குக் கொண்டு போகலாமோ என்று கேட்டவர்.

அதிலிருந்து நேரே, "தம்பி, கன்னியாவுக்குப் போவமே?"

சுடுதண்ணிக் கிணற்றுக்கு இந்த வெயிலிலா என்றேன்.

ஜூலை 22, செவ்வாய்

சொல்லவில்லை.

ஜூலை 22, பின்னேரம்

காலை எட்டுக்கு எடுத்தேன், ஆள் வரவில்லை என்றார்கள். பத்தரைக்கு எடுத்தேன், வேறு ஒரு பிரிவுக்கு மாற்றினார்கள், அங்கே பாட்டுப் போனது. அதே பாட்டு. ஒரு மணிக்கு ஒரு பிள்ளை, றிப்போட் வந்துவிட்டது, டொக்டர் பார்க்கவில்லை என்றது. வந்துவிட்டதென்றால் தாளில் எழுதியிருக்கிறதுதானே, வாசித்துச் சொல்ல என்ன? "அப்பிடிச் சொல்ல ஏலாது சேர்." சரி.

அண்ணா அங்கே நித்திரை கொள்ளாமல் இருந்து செய்தி போடுகிறார். கேள்விக்குறி மட்டும்.

இன்று துவாய்க் குரங்கு. திரைச்சீலைக் கம்பியில் தொங்குகிறது, என் கறுப்புக் கண்ணாடியையும் போட்டுவிட்டிருக்கிறான். அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஜூலை 23, புதன்

அறைப் பெடியனிடம் அம்மா யானை படித்துக்கொண்டிருக்கிறார். அவனுக்குத் தமிழ் அரைகுறை, அம்மாவுக்குச் சிங்களம் காற்குறை. கை பேசுகிறது.

பெரிய துவாயை விரித்து இரண்டு கரையையும் நடுவை நோக்கிக் கொஞ்சம் மடித்து, பிறகு இரண்டு பக்கத்தாலும் இறுக்கிச் சுருட்டி நடுவில் சந்திக்க வைக்க வேண்டும். அதை அப்படியே பாதியாக வளைத்து நிமிர்த்தினால் நாலு கால். இறுக்கிச் சுருட்டாவிட்டால் யானை முழங்கால் மடிந்து இருந்துவிடும். சின்னத் துவாயின் இரண்டு மூலையை நடுவுக்கு மடித்துக் கூராக்கி, இரு பக்கமும் உருட்டினால் தும்பிக்கை. மற்ற மூலைகள் காது. அம்மாவின் முதல் யானை குடித்துவிட்டு நின்றது. பெடியன் வாயைப் பொத்திச் சிரித்தான். இரண்டாவது யானைக்கு அம்மா ஒரு ஒட்டுப் பொட்டை எடுத்து நெற்றியில் ஒட்டினார், அதைப் பெடியன் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டான்.

"அப்பாவுக்கு இது தெரியாது என்ன?" என்றேன். "அந்தக் காலத்தில ஆர் துவாயில விளையாடினது? காஞ்சா காணும்."

பிறகு திரும்பவும் கன்னியா. நேற்றும் கேட்டவர், நான் எழுதவில்லை.

எனக்கு அந்த இடம் பிடிக்காமல் இல்லை. சின்ன வயதில் அப்பா சைக்கிள் பாரில் வைத்துக் கூட்டிக்கொண்டு போவார். சதுரமாகக் கட்டிய ஏழு கிணறு, எட்டிப் பார்த்தால் அடி தெரிகிற ஆழம், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. வாளியால் அள்ளி வரிசை மாறாமல் ஊற்றுவார். அடுத்தது கொதிக்கும், மூச்சைப் பிடி என்று பயம் காட்டுவார், அது முந்தினதைவிட ஆறிப்போய் இருக்கும். ஈரக் காற்சட்டையோடு திரும்பி வரும்போது கச்சான் கடலை.

ஆனால் இராவணன் வாளால் குத்தி அந்த ஊற்றுகளை எதற்காக எடுத்தான் என்பது திருகோணமலைப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். தாயின் கிரியைக்கு. அப்பாவின் அந்தியேட்டிக்குப் போன பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. இந்த வாரத்தில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அங்கே போ என்றால் எப்படி? அம்மாவுக்கு இதைச் சொல்ல முடியுமா? முழங்கால் நோவுக்குச் சுடுதண்ணி நல்லது என்கிறார். வீட்டில் அவித்துத் தாறன் என்றேன். "அது விறகுச் சூடு, இது நிலத்துச் சூடு" என்று பதில் வருகிறது.

நாளை ஆடி அமாவாசை. தகப்பன் இல்லாதவர்களுக்கு ஆடி அமாவாசை, தாய் இல்லாதவர்களுக்குச் சித்திரைப் பௌர்ணமி. எனக்கு இப்போதைக்கு ஒரு விரதம் காணும்.

ஜூலை 24, வியாழன்

விடிய எழும்பிக் கோணேசர் கோயில். கோட்டை வாசலில் மான்கள் வழக்கம்போல வழிமறித்து நின்றன. ஒன்று அர்ச்சனைத் தட்டு வாழைப்பழத்தைத் தோலோடு பிடுங்கிக்கொண்டது. அம்மா அதற்கு ஏச்சுப் போட்டுவிட்டு மற்றப் பழத்தையும் கொடுத்தார். சனம் எக்கச்சக்கம். கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பம் மலையிலிருந்து கடலை எட்டிப் பார்த்து, பழைய கோயில் எங்கே என்று கேட்டார்கள். கீழே என்றேன். 1624இல் போர்த்துக்கேயர் இடித்துக் கல்லைக் கோட்டைக்குப் போட்டார்கள், மிச்சம் கடலுக்குள். ஆர்தர் சி. கிளார்க்கோடு வந்த சுழியோடி மைக் வில்சன் 1956இல் அடியில் தூணெல்லாம் கண்டவர். அந்தச் சின்னப் பிள்ளைக்குக் கடலுக்குள் கோயில் என்பது மட்டும் பிடித்துக்கொண்டது, தாயின் கையை இழுத்தபடி நின்றது.

ஹோட்டலுக்குத் திரும்பினால், நானா புதுச் சட்டியில் எங்களுக்கென்று புறம்பாகச் சோறும் பருப்பும் பூசணிக்காயும் வைத்திருக்கிறார், முட்டை பொரிக்கிற பக்கமே கொண்டு போகாமல். நேற்று நான் வாய்தவறிச் சொன்னதுதான். காத்தோட்டிக்காய் இல்லாத அமாவாசைச் சோறா என்று அம்மா மெதுவாக முணுமுணுத்தார், நானாவுக்குக் கேட்காமல்.

வாழையிலைத் துண்டில் பிடி வைத்து, பல்கனிச் சுவரில் தண்ணி தெளித்து, கா கா என்று கூப்பிட்டேன். ஒன்றும் வரவில்லை. அணில் வந்தது, அதைக் கலைத்தேன். எட்டிப் பார்த்தால் எங்கள் காகம் அங்கே சாப்பாட்டு மண்டபக் கூரையில், பட்டர் தாளை உரித்துக்கொண்டு, எங்களைத் திரும்பியும் பார்க்காமல்.

"விடு தம்பி. அப்பா ஹோட்டல் சாப்பாட்டுக்குப் பழகின ஆள்" என்றார் அம்மா.

கடைசியில் அரைமணி கழித்து வந்தது. பருப்பை விட்டுவிட்டுப் பூசணிக்காயை மட்டும் கொத்திக்கொண்டு போனது. அப்பாவும் பூசணிக்காய்க்காரர்தான்.

கோயிலில் ஃபோனைச் சத்தமில்லாமல் வைத்திருந்தேன். கொழும்பு இலக்கம், இரண்டு தரம். திரும்ப எடுத்தேன். டொக்டர் வார்டில் நிற்கிறாராம், நாலு மணிக்குப் பிறகு எடுக்கட்டாம். அந்தப் பிள்ளையின் குரலை வைத்து ஏதாவது பிடிபடுமா என்று பார்த்தேன். பிடிபடவில்லை. அண்ணாவுக்குச் சொல்லவில்லை. அங்கே நடுச்சாமம் தாண்டிவிட்டது, படுக்கட்டும்.

இப்போது ஒன்றரை. நாலு மணிவரைக்கும் இந்த அறையில் இருக்க என்னால் ஏலாது. ஓட்டோ சொல்லியிருக்கிறேன், கன்னியாவுக்கு. அம்மா வாளி கொண்டு போக வேணுமோ, அங்கே இருக்குமோ என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார். மாற்றுச் சேலை எடுத்தாச்சு, எங்கள் வீட்டுத் துவாயும் எடுத்தாச்சு. ஓட்டோ வந்துவிட்டது, ஹோர்ன் அடிக்கிறான். மிச்சம் வந்து எழுதுகிறேன்.