மணப்பாட்டுத் திருச்சிலுவைக்கு ஒரு வெள்ளிப் படகு

2017-ல் ஒக்கி புயல் அடித்தபோது என் தம்பி கடலில் இருந்தான். எங்களுடையது கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர் பக்கத்துக் கரை, ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் தங்கிப் பிடிக்கிற ஆட்கள். பதினோரு நாள் ஒரு தகவலும் இல்லை. பன்னிரண்டாம் நாள் லட்சத்தீவிலிருந்து போன் வந்தது. இடையில் ஒரு ராத்திரி அம்மா நேர்ந்துகொண்டார்: பிள்ளை கரை சேர்ந்தால், தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில் மணப்பாட்டுக் குன்றின்மேல் இருக்கும் திருச்சிலுவைக் கோயிலுக்கு வெள்ளிப் படகு, வெறுங்காலோடு குன்றேற்றம். அப்புறம் அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன், கொரோனா என்று தள்ளிப்போய், போன செப்டம்பர் 14 திருநாளுக்குத்தான் கூடி வந்தது.

உவரி அந்தோனியாரை வண்டியிலிருந்தே கும்பிட்டுவிட்டு வந்தோம். ஊருக்கு வெளியிலேயே வண்டியை நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து கோயிலடிக்கு ஆட்டோவில் 300 ரூபாய்! நேர்ச்சையோடு வருகிறவர்களிடம் இப்படிக் கேட்க எப்படி மனசு வருகிறதோ. மெழுகுவத்தி விற்கிறவர்களும் விட்டபாடில்லை.

மேலே வண்டிப்பாதை இருக்கிறது. அம்மா கேட்கவில்லை, மணலில்தான் ஏறினார். வெயிலில் மணல் கொதித்தது. வைத்த கால் கணுக்கால்வரை புதைந்தது. பாதியில் முட்டு பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். வலைக்கயிறு அறுத்த தழும்போடு ஒரு கை நீண்டது. உள்ளூர்க்காரர். "ஆச்சி, என்னைப் பிடிச்சுக்கோங்க." மேலே கொண்டுவந்து விட்டவர், பேர் கேட்பதற்குள் போய்விட்டார். ஆண்டவர்தான் அனுப்பினார்.

1540-ல் புயலில் தப்பிய போர்த்துக்கீசிய மாலுமி, உடைந்த பாய்மரத்தில் சிலுவை செய்து இந்தக் குன்றில் நட்டார் என்பார்கள். அதுவும் கடலில் நேர்ந்த நேர்ச்சைதான். 1542-ல் சவேரியார் வந்து தங்கினார். இப்போதுள்ள கோயில் 1581-ல் எழும்பியது.

இயேசுவை அறைந்த சிலுவையின் சிறு துண்டு என்று போற்றப்படுகிற மெய்யான திருச்சிலுவையை முத்தி செய்ய, அதாவது முத்தமிட, இரண்டு மணி நேர வரிசை. நடுவில் புகுகிறவர்கள் புகுந்துகொண்டேதான் இருந்தார்கள். அம்மாவின் முறை வந்தது. கைக்குட்டையை அவிழ்த்துப் படகை வைத்தார். விரல்நீளம்கூட இராது, ஒரு பக்கம் லேசாக நசுங்கியிருந்தது, இத்தனை வருஷம் அரிசிப்பானைக்குள் இருந்ததால். குனிந்து முத்தி செய்தார். தம்பி பேரைச் சொல்லி நன்றி சொல்வார் என்று காத்திருந்தேன். சொன்னது பக்கத்து வீட்டுப் பையனின் பேரை. அவனும் தம்பியும் ஒரே வாரத்தில் கடலுக்குப் போனவர்கள். அவன் திரும்பவில்லை. பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள், அம்மா அசையவில்லை. எனக்குக் கண்ணீர் அடங்கவில்லை. ஆண்டவரே, எங்களுக்குக் கொடுத்தீரே, எங்களுக்குக் கொடுத்தீரே என்பதைத் தவிர ஒன்றும் வாயில் வரவில்லை.

இறங்கிச் சவேரியார் குகைக்குப் போனோம். அலை பக்கத்தில் அடிக்கிறது, உள்ளே கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்கிறது. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு இரண்டு பாட்டில் பிடிக்கச் சொன்னார்.

"நமக்கு ஒண்ணு போதாதா அம்மா?"

"ஒண்ணு அவளுக்கு, மக்களே."

வீடு வரும்வரை அதை மடியிலேயே வைத்திருந்தார்.