ஒஸ்லோ வீட்டுத் தரை, உவர்மலை மேசை

ஜூலை 6
அக்காவும் அத்தானும் ஒஸ்லோவில் கட்டும் வீட்டின் வரைபடம் வந்துவிட்டது. தரைக்கடியில் சுடுநீர்க் குழாய், அந்த நீரைச் சூடாக்க ஹீட் பம்ப், அதாவது வெளியிலுள்ள வெப்பத்தை உள்ளே இழுத்துத் தரும் மின்கருவி. எங்கெங்கே தெர்மோஸ்டாட் (சூட்டைப் பார்த்துக் கட்டுப்படுத்தும் கருவி) என்று நான் பிரித்துத் தர வேண்டும். இங்கே திருகோணமலை உவர்மலையில் வெளியே கச்சான் காற்று அனலாய் அடிக்கிறது. தரையைச் சூடாக்குவதா என்று அம்மா திகைத்தார். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறும் பக்கம்பக்கம், சூடு மட்டும் கிணற்றுக்குக் கிணறு வேறு அல்லவா, அதுபோல அறைக்கு அறை என்றேன். உடனே பிடித்துக்கொண்டார்.

ஜூலை 8
ஒவ்வொரு மூலைக்கும் ஒரு தெர்மோஸ்டாட் வேண்டும் என்கிறார் அத்தான். எனக்கு உடன்பாடில்லை. கூடத்துக்கும் குசினிக்கும் நடுவில் சுவரே கிடையாது. அங்கே இரண்டு வைத்தால், ஒன்று சுடுநீரைத் திறக்கச் சொல்லும்போது மற்றது மூடச் சொல்லும். குழாய்ச் சுற்றுகளின் கணக்கு வேறு. 16 மில்லிமீற்றர் குழாயில் ஒரு சுற்று 100 மீற்றருக்குள் இருப்பது நல்லது. நீண்டால் தண்ணீரைத் தள்ளுவதே பம்புக்குப் பாரம். ஆகவே அந்த இடத்துக்குச் சுற்றுகள் பல, வலயம் (ஒரே தெர்மோஸ்டாட் ஆளும் பகுதி) ஒன்று. வலயங்களைப் பொடிப்பொடியாக வெட்டினால், ஒரு சிறு அறை மட்டும் சூடு கேட்கும் நேரங்களில் ஹீட் பம்ப் நின்று நின்று ஓடும். அதன் ஆயுளுக்கு அது கேடு.

படுக்கையறைகள் தனித்தனி வலயம்தான். குளிராகத் தூங்குபவர் அத்தான், பிள்ளைகள் அப்படியல்ல.

ஜூலை 9
குசினியில் நிலையாகப் பொருத்தும் அலுமாரிகளுக்கு அடியில் வரும் குழாயை வரைபடத்திலிருந்து அழித்துவிட்டேன்.

ஜூலை 11
கூடத்துத் தெர்மோஸ்டாட்டை உள்சுவருக்கு மாற்றினேன், ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயரத்தில். தெற்கு ஜன்னல் வெயில் நேரே பட்டால், அறை சூடாகிவிட்டது என்று அது நம்பிவிடும். குளியலறைக்குத் தரையின் சூட்டை அளக்கும் உணரியும் சேர்த்தேன். வெறுங்காலோடு நிற்கும் இடத்தில் தரைச் சூடுதான் முக்கியம். ஐரோப்பியத் தரநிலையில் தரை மேற்பரப்பின் உச்சம் வசிக்கும் அறைகளில் 29 பாகை, குளியலறையில் 33. உணரியை ஒரு சிறு குழாய்க்குள் செருக வேண்டும், பழுதானால் தரையை உடைக்காமல் மாற்றலாம்.

ஜூலை 12
இரவில் நிறுத்திவிடலாமா என்று அக்கா கேட்டார். வேண்டாம் அக்கா என்றேன். சீமெந்துத் தரை சூடாகவும் ஆறவும் பல மணிநேரம் எடுக்கும். ஓரிரண்டு பாகை குறைத்தால் போதும்.

ஜூலை 14
கூடமும் குசினியும் ஒரே வலயம், அத்தான் சம்மதித்துவிட்டார். சரி, வரைபடத்தை அனுப்பியாயிற்று. சீமெந்து ஊற்ற முன் குழாய்களில் அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்க்கவும், சுவரிலிருந்து அளவுநாடா வைத்து ஒவ்வொரு அறையையும் படமெடுக்கவும் கேட்டிருக்கிறேன். பிறகு யாராவது தரையில் துளையிடும் நாளில் அந்தப் படங்கள் வேண்டும்.